மின்னஞ்சல் வருகிறது, ஆனால் போகவில்லையா? பதறாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, எனக்கு நன்கு தெரிந்த அண்ணன் ஒருவர் அழைத்தார். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில் பல ஆண்டுகளாகச் செயலாளர். கடிதம், கணக்கு எல்லாம் அவர் கைதான்.

"தம்பி, திங்கக்கெழமையே அனுப்பிட்டேன். இப்ப போன் அடிச்சி கேட்டா, ஒன்னுமே வந்து சேரலன்னு சொல்றாங்க. தேதி இன்னிக்கு அஞ்சு மணியோட முடிஞ்சி போச்சாம்."

வெளித் தோட்டங்களிலிருந்து அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்திற்காக ஓர் அறவாரியத்திடம் கேட்டிருந்த உதவி அது. பாரங்களைப் பூர்த்தி செய்து, தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கி, ஸ்கேன் செய்து, தன் கணினியில் இருக்கும் அவுட்லுக் வழியாக அனுப்பியிருக்கிறார். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் கடிதம் திரையிலிருந்து மறைந்துவிட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவுட்பாக்ஸ் என்ற அடுக்கில் நான்கு கடிதங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தன. ஒன்று மூன்று வாரத்திற்கு முந்தியது. இடையில் எச்சரிக்கை வரவில்லையா என்று கேட்டேன். "ஏதோ இங்லிஷ்ல வந்துச்சு தம்பி. ஓகே அடிச்சிட்டேன்," என்றார்.

இது அவர் ஒருவருடைய கதை அன்று. ஆலயச் செயலாளர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் எனப் பலர் இன்றும் கணினியில் அவுட்லுக் அல்லது தண்டர்பேர்ட் போன்ற செயலிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கடிதங்கள் அதில் இருக்கின்றன. விட்டுவிட்டு வர முடியாது. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

வருவது வேறு, போவது வேறு

"எனக்கு வர்றது எல்லாம் ஒழுங்கா வருது, அப்புறம் எப்படி போகாம இருக்கும்?" என்பதுதான் அண்ணனின் முதல் கேள்வி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அன்று நமக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்துவிடும். போய்ப் பெயர் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். நாம் எழுதிய கடிதம் வெளியே போக வேண்டுமென்றால் தபால் தலை ஒட்ட வேண்டும், பையில் சேர்க்க வேண்டும், பையை ஒருவர் டவுனுக்கு எடுத்துப் போக வேண்டும். வாங்குவதற்கு ஒரு வழி, அனுப்புவதற்கு இன்னொரு வழி.

கணினியிலும் அப்படித்தான். கடிதங்களை எடுத்து வரும் வேலையை ஐமேப் அல்லது பாப் என்னும் முறை செய்கிறது. அனுப்பும் வேலையைச் செய்வது எஸ்எம்டிபி என்னும் வேறொரு முறை. இரண்டுக்கும் தனித்தனி சர்வர் பெயர், தனித்தனி வாசல் எண். கடவுச்சொல்லைக்கூடச் செயலி இரண்டு இடங்களில் தனித்தனியாகச் சேமித்து வைத்திருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது நன்றாகவே ஓடும். அதனால் கடிதம் வருவதை வைத்து, அனுப்புவதும் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

முதலில் மூன்று இடங்களைப் பாருங்கள்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், கடிதம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அவுட்பாக்ஸில் இருந்தால், அது உங்கள் கணினியை விட்டே கிளம்பவில்லை. கோளாறு உங்கள் பக்கம்: இணையம், அமைப்பு, கடவுச்சொல், அல்லது இணைப்புக் கோப்பின் அளவு.

சென்ட் அடுக்கில் இருந்து, கூடவே இன்பாக்ஸில் 'கொண்டு சேர்க்க முடியவில்லை' என்று ஒரு பதில் வந்திருந்தால், கடிதம் கிளம்பிப் போய் அந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் முகவரியில் ஓர் எழுத்து பிழையாக இருக்கும், அல்லது பெறுபவரின் பெட்டி நிறைந்திருக்கும்.

சென்ட் அடுக்கில் இருந்து, எந்தப் பதிலும் வராவிட்டால், கடிதம் போயிருக்கிறது என்றே கொள்ளலாம். பெறுபவரிடம் ஸ்பேம் அடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வகை அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவுட்பாக்ஸில் போகக் காத்திருக்கும் கடிதம் சாய்ந்த எழுத்தில் தெரியும். 'சரியாக எழுதினேனா' என்று அதைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினால், சாய்வு போய் எழுத்து நேராகிவிடும். அப்புறம் அது தானாகப் போகாது. மறுபடி திறந்து அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். அண்ணனின் நான்கு கடிதங்களில் ஒன்று இப்படித்தான் நின்றிருந்தது.

அவசரமா? கைப்பேசியில் அனுப்புங்கள்

கடைசி நாள் நெருங்கிவிட்டால், கோளாறைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். அதே மின்னஞ்சல் முகவரியைக் கைப்பேசியிலோ கணினியின் இணைய உலாவியிலோ திறந்து, அங்கிருந்து அனுப்பிவிடுங்கள். முகவரி ஒன்றுதான், பெறுபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

இது ஒரு சோதனையும்கூட. உலாவியில் போய், செயலியில் போகவில்லையென்றால் உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது. கோளாறு செயலியின் அமைப்பில். உலாவியிலும் போகவில்லையென்றால் கணக்கிலேயே ஏதோ இருக்கிறது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் இடம் நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் கடிதத்துக்கு மட்டும் உரியதன்று. கூகுள் போட்டோஸ் படங்களும் டிரைவ் கோப்புகளும் அதில்தான் சேர்கின்றன. கல்யாண வீடியோக்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், கடிதம் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது.

சின்னக் காரணங்களை முதலில் தள்ளிவிடுங்கள்

செயலி 'ஆஃப்லைன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்லுக்கில் 'சென்ட் / ரிசீவ்' பகுதியில் 'வொர்க் ஆஃப்லைன்' என்றொரு பொத்தான் உண்டு. கை தவறி அதை அழுத்திவிட்டால் இணையம் இருந்தும் செயலி வெளியே போகாது. தண்டர்பேர்ட்டில் கீழே இடது மூலையில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் இதே நிலை ஏற்படும்.

அடுத்து, கணினியின் தேதியும் நேரமும். இன்றைய மின்னஞ்சல் சர்வர்கள் பாதுகாப்புச் சான்றிதழ் காட்டித்தான் பேசத் தொடங்கும். அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பழைய மேசைக் கணினிகளில் உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்திப் போடும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். 'இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லாது' என்று கணினி தொடர்பைத் துண்டித்துவிடும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர் 2032 என்னும் வகை. டவுனில் கைக்கடிகாரக் கடைகளில்கூடக் கிடைக்கும்.

கோப்பின் கனம்

பள்ளிப் பாரங்களையும் ஆலயக் கணக்குகளையும் ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. ஜிமெயில் வழியாக அனுப்பும் கடிதத்தின் உச்ச அளவு 25 எம்பி. '20 எம்பிதானே, போகுமே' என்று நினைப்போம். ஆனால் மின்னஞ்சலில் எந்தக் கோப்பும் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. அந்த மாற்றத்தில் கோப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்பி கோப்பு 26, 27 எம்பி ஆகி, தடுக்கப்படும். 18 எம்பியைத் தாண்டினாலே சந்தேகம்தான். பெறுபவரின் அலுவலகம் இன்னும் குறைவான அளவை வைத்திருக்கவும் கூடும்.

பெரிய கோப்பு ஒன்று அவுட்பாக்ஸில் சிக்கிக்கொண்டால், சில செயலிகளில் அதன் பின்னால் உள்ள கடிதங்களும் நின்றுவிடும். அழிக்கப் போனால், 'அனுப்பிக்கொண்டிருக்கிறேன்' என்று அடம் பிடிக்கும். முதலில் 'வொர்க் ஆஃப்லைன்' அழுத்துங்கள். செயலியை மூடித் திறங்கள். பிறகு அந்தக் கடிதத்தை டிராஃப்ட்ஸ் அடுக்குக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி ஆன்லைனுக்கு வாருங்கள்.

எழுத்து மட்டும் உள்ள பாரங்களுக்கு வண்ண ஸ்கேன் தேவையில்லை. 150 அல்லது 200 டிபிஐ அளவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு வெகுவாகச் சிறுத்துவிடும். முடியாவிட்டால், 'பாகம் 1', 'பாகம் 2' என்று தலைப்பிட்டு இரண்டு கடிதமாக அனுப்பலாம்.

அனுப்பும் சர்வரின் அமைப்பு

மேலே சொன்னவை எதுவும் இல்லையென்றால், இங்கே வர வேண்டும். அண்ணனின் கோளாறும் இங்கேதான் இருந்தது.

எஸ்எம்டிபி முறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டபோது, அனுப்புகிறவரிடம் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை. சிறிய வட்டத்தினர் பயன்படுத்திய காலம் அது. இணையம் எல்லாருக்கும் வந்த பிறகு, வேண்டாத விளம்பரக் கடிதங்களை அனுப்புகிறவர்கள் அந்தத் திறந்த கதவைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால் பல இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் பழைய 25-ஆம் எண் வாசலை அடைத்துவிட்டன. பொதுமக்கள் கடிதம் கொடுப்பதற்கென்று 1998-இல் 587 என்னும் தனி வாசல் வரையறுக்கப்பட்டது. 465 என்னும் வாசலும் பயன்பாட்டில் இருக்கிறது. இந்த இரண்டிலும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பார்கள்.

அண்ணனின் கணினியைப் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு கடைப் பையன் அமைத்துக் கொடுத்திருக்கிறான். அப்போது வீட்டில் இருந்த இணைய நிறுவனத்தின் சர்வரையே அனுப்பும் சர்வராகப் போட்டு, வாசல் எண் 25 என்று வைத்துவிட்டான். அன்றைக்கு அது சரி. மூன்று வாரத்திற்கு முன் அவர் பழைய இணைப்பை வெட்டிவிட்டு வேறு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறினார். பழைய நிறுவனத்தின் சர்வர் தன் வாடிக்கையாளர்களின் கடிதத்தை மட்டுமே ஏற்கும். மாறிய அன்றே அனுப்பும் வழி அடைபட்டுவிட்டது. வாங்கும் வழிக்கும் அந்த நிறுவனத்துக்கும் சம்பந்தம் இல்லாததால், கடிதங்கள் மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அவுட்லுக்கில் ஃபைல், பிறகு அக்கவுண்ட் செட்டிங்ஸ் வழியாக சர்வர் செட்டிங்ஸுக்குப் போகலாம். பதிப்புக்குப் பதிப்பு இடம் சற்று மாறும். தண்டர்பேர்ட்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்தால், இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்று இருக்கும். அங்கே நான்கு விவரங்களைச் சரிபாருங்கள்.

1. சர்வரின் பெயர். உங்கள் மின்னஞ்சல் முகவரி எந்தச் சேவையைச் சேர்ந்ததோ, அதன் சர்வராக இருக்க வேண்டும். ஜிமெயிலுக்கு எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம்.

2. வாசல் எண்ணும் பாதுகாப்பு முறையும். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். 465 என்றால் எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ். எண்ணை மாற்றிவிட்டு முறையை மாற்றாமல் விட்டால் தொடர்பு கிடைக்காது.

3. 'அனுப்பும் சர்வருக்கு அடையாளச் சரிபார்ப்பு தேவை' என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கும். பழைய அவுட்லுக்கில் அதில் டிக் இல்லாததுதான் பலருக்குத் தொல்லை.

4. பயனர் பெயர். முழு மின்னஞ்சல் முகவரியையும் எழுதுங்கள். பாதியோடு நிறுத்த வேண்டாம்.

அமைப்பு சரியாக இருந்தும் போகவில்லையா? கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். அதில் போனால், வீட்டு இணைப்போ ரௌட்டரோ தடுக்கிறது என்று பொருள். அதிலும் போகாவிட்டால் வைரஸ் தடுப்புச் செயலியின் மின்னஞ்சல் சோதனையைச் சற்று நேரம் நிறுத்திப் பார்க்கலாம். பார்த்த பிறகு திரும்பப் போட மறக்க வேண்டாம்.

கடவுச்சொல் சரிதான், ஆனாலும் ஏற்க மறுக்கிறது

உலாவியில் ஏற்கும் அதே கடவுச்சொல்லைச் செயலியில் போட்டால் 'தவறு' என்று வருகிறதா? கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், வெறும் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்துப் பழைய செயலிகள் நுழைவதை நிறுத்தத் தொடங்கியது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதல் அதையே செய்தது.

புதிய பதிப்புச் செயலிகள் 'ஓஆத்' என்னும் முறையைப் பயன்படுத்துகின்றன. கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட்டின் நுழைவுப் பக்கம் தானே திறக்கும்; அங்கே நுழைந்து அனுமதி கொடுத்தால் போதும். தண்டர்பேர்ட்டில் அடையாளச் சரிபார்ப்பு முறையை 'ஓஆத் 2' என்று மாற்றுங்கள். வாங்கும் சர்வருக்கு மாற்றிவிட்டு அனுப்பும் சர்வரை மறந்துவிடுகிறவர்கள் உண்டு; இரண்டிலும் மாற்ற வேண்டும்.

ஓஆத் இல்லாத பழைய செயலியில் ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு 'ஆப் பாஸ்வர்ட்' உண்டு. உங்கள் கூகுள் கணக்கில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு, 16 எழுத்துள்ள ஒரு தனிக் கடவுச்சொல்லைக் கூகுள் கொடுக்கும். அதைச் செயலியில் போட வேண்டும். கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால், இந்த ஆப் பாஸ்வர்டும் செல்லாமல் போய்விடும். புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

விண்டோஸ் 10-உடன் வந்த 'மெயில்' என்ற செயலியைப் பயன்படுத்தியவர்கள் கவனிக்க: மைக்ரோசாஃப்ட் அதை 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. அதில் எந்த அமைப்பை மாற்றினாலும் இனி கடிதம் போகாது. வேறு செயலிக்கு மாறுவதே வழி.

எண்கள் சொல்லும் செய்தி

எச்சரிக்கைப் பெட்டியை ஓகே அடித்து மூடுவதற்கு முன், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதில் வரும் மூன்று இலக்க எண் பாதி விடையைச் சொல்லிவிடும்.

421: சர்வர் இப்போது ஏற்கும் நிலையில் இல்லை, சற்றுப் பொறுத்து அனுப்பவும்.
530: அடையாளம் காட்டாமல் வந்திருக்கிறீர்கள், மேலே சொன்ன டிக் கட்டத்தைப் பாருங்கள்.
535: பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை.
550: அப்படி ஒரு முகவரி இல்லை, அல்லது அந்தப் பக்கம் மறுத்துவிட்டார்கள்.
552: அளவு மிஞ்சிவிட்டது.

திருவிழா அழைப்பிதழை ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்பும் ஆலயத்தார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முயன்றால், அனுப்பும் வசதி ஒரு நாள் வரை நிறுத்தி வைக்கப்படலாம். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து அனுப்புவது நல்லது.

இதில் மட்டும் கைவைக்க வேண்டாம்

'கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடு, சரியாகிவிடும்' என்று சிலர் சொல்வார்கள். பாப் முறையில் கடிதம் வாங்குகிறவர்களுக்கு இது ஆபத்து. அந்த முறையில் பழைய கடிதங்கள் பெரும்பாலும் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். சர்வரில் நகல் இருக்காது. முதலில் கடிதக் கோப்பை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாவது, இணையத்தில் 'மின்னஞ்சல் உதவி எண்' என்று தேடி, கண்ணில் பட்ட முதல் எண்ணுக்கு அழைக்காதீர்கள். உதவி மையம் போல் நடிக்கும் மோசடிக் கும்பல்கள் இப்படியும் எண்களைப் போட்டு வைத்திருக்கின்றன. 'உங்கள் கணினியை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்' என்று ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். பிறகு வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். கடிதம் போகாத கோளாறுக்கு வங்கிக் கணக்கு எண்ணோ, டெக் எண்ணோ தேவையே இல்லை. கேட்டால், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், நேரம் கடத்தாமல் உங்கள் வங்கிக்கோ, 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணுக்கோ அழையுங்கள்.

அனுப்பினால் போதாது

அண்ணனின் கணினியில் சர்வரின் பெயரை மாற்றி, 587 போட்டு, டிக் வைத்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு கடிதங்களில் தேதி கடந்தவற்றை எடுத்துவிட்டு, மற்றவற்றை அனுப்பினோம். உடனே சென்ட் அடுக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆனால் பேருந்துக் கட்டண உதவி இந்தத் தவணைக்குக் கிடைக்கவில்லை. அறவாரியத்தில் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் தேதி கடந்துவிட்டது, அடுத்த தவணைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அதுவரை பெற்றோர்கள் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். சம்பள நாளுக்கு முன் அந்தத் தொகையை எடுத்து வைப்பது சில வீடுகளில் எவ்வளவு பாடு என்பது நமக்குத் தெரியும்.

அன்று கிளம்பும் முன் மூன்று பழக்கங்களை எழுதி அவர் மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்துவிட்டு வந்தேன். முக்கியமான கடிதம் அனுப்பியதும் சென்ட் அடுக்கில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடிதத்தின் கடைசி வரியில் 'கிடைத்ததும் ஒரு வரி பதில் அனுப்பவும்' என்று எழுத வேண்டும். இரண்டு வேலை நாளில் பதில் இல்லாவிட்டால் போன் அடித்துக் கேட்க வேண்டும். இணைய நிறுவனத்தையோ கடவுச்சொல்லையோ மாற்றிய நாளில், தனக்குத் தானே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பதை அண்ணனே நான்காவதாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த தவணைக்கான பாரம் இப்போதே பூர்த்தியாகித் தயாராக இருக்கிறது. "இந்த வாட்டி கடைசி நாளு வரைக்கும் காத்திருக்க மாட்டேன் தம்பி. முதல் நாளே அனுப்பிட்டு, அன்னிக்கே போன் அடிச்சிடுவேன்," என்றார்.